நீலப் பாவாடையின் அளவு

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளட்டும். பூங்காவனம் இதைச் சொல்லும்போது கோபம்தான் படுவாள், பொய் சொல்ல மாட்டாள். நடந்தது 1957 ஆகஸ்ட் மாதம், மலாக்காவில், காஜா பேராங்கில். அதுவும் பட்டப்பகலில்.

பன்னிரண்டு வருஷமாக ஊரார் ரவிக்கைகளைக் கை ஒடியத் தைத்தவள் அவள். மெர்டேக்கா என்ற மலாயா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி என்றதும், பெரிய சுவர்த்துணி ஒன்று செய்து தருவதாக ஒத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், இறந்துபோனவர்களின் துணியில் ஒவ்வொரு துண்டு வாங்கினாள். மெழுகுச் சாயமிட்ட பாத்தேக் சாரோங், சேலைக் கரை, பாசிமணி கோத்த செருப்பின் மேல்துணி, ரப்பர் தோட்டத்துக் கித்தான் பை. எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டு, மூலையில் தன் பெயரையும் தைத்தாள். அவள் பெயர் ஒரு துணியில் ஏறியது அதுதான் முதல் தடவை. முப்பதாம் தேதி ஒப்படைக்க வேண்டும்.

நடுவில் வைக்க எதிர்வீட்டுப் பொன்னம்மா ஒரு நீலப் பட்டுப் பாவாடை கொடுத்தாள். சின்ன வயதில் இறந்த அவள் மகள்தான் அந்த வீட்டுக் கன்னித் தெய்வம். பொங்கலுக்குப் பொங்கல் புதுப் பாவாடை தைத்துப் பெட்டியில் வைப்பார்கள். பழையதை யாராவது ஒரு சிறுமிக்கு உடுத்திவிடுவார்கள். இந்த வருஷம் உடுத்த ஆள் கிடைக்கவில்லையாம். பூங்காவனம் அளந்து பார்த்தாள். நீளம் இருபத்துநான்கு அங்குலம். சுற்றிலும் அசையாதபடி தைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை, மத்தியானம் 2.10. அடுக்களையிலிருந்து வந்து பார்த்தால், பாவாடையின் கீழ்விளிம்பு பிரிந்து கிடந்தது. நூல் அறுபடவில்லை. காலி நூல்கட்டையில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

புருஷன் சுப்பையன் வந்ததும் அவன்மேல் பாய்ந்தாள். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு நூல் பிரிக்க ஏது நேரம் என்றான் அவன். நியாயம்தான். அதனாலேயே எரிச்சல் கூடியது. திரும்பத் தைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, 2.10. மறுபடியும். இந்தத் தடவை விளிம்பு மூன்று அங்குலம் இறங்கி, கீழே இருந்த பாத்தேக் துண்டை மறைத்திருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் நூல் விற்றவனை வைதாள். பட்டு இழுத்துக்கொண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரட்டை நூல் போட்டாள். விரல் புண்ணானதுதான் மிச்சம்.

புதன்கிழமை கதவைத் தாழிட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். மடியில் கத்தரிக்கோல்.

2.09. தெருவில் ஐஸ்காரனின் மணி கேட்டது... சட்டென்று நின்றது.

2.10.

டிக்... ஒரு தையல் விட்டது.

டிக்... டிக்...

நூல் தானாக வெளியே வந்தது. காற்றே இல்லை. பாவாடை மெல்ல உப்பியது. உள்ளே யாரோ நிற்கிற மாதிரி...

விளிம்பு இறங்கியது... இன்னும்... இன்னும்...

அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. “யாரா இருந்தாலும் கைய எடு. எனக்கு இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு,” என்றாள்.

நின்றது.

பிறகு மூலையில்... அவள் பெயரைத் தைத்திருந்த இடத்தில்...

டிக்.

பூங்காவனம் பாய்ந்துபோய்ப் பாவாடையை வெட்டி எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் மாவு மூட்டைத் துணியை ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். கண்காட்சியில் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். பெயரில் பாதி எழுத்து அன்றே பிரிந்துபோயிருந்தது, திரும்பத் தைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பாள்.

செப்டம்பரில் பாவாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பொன்னம்மா அதை விரித்துத் தரையில் போட்டாள். இரண்டு பேருமாக நாடாவை வைத்து அளந்தார்கள். முப்பத்தாறு அங்குலம். மடிப்புப் பிரித்த தடம் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரே துணி.

“ஜப்பான்காரன் காலத்துல அவ போனப்ப ஆறு வயசு,” என்றாள் பொன்னம்மா. “பதினாலு வருஷமா அதே அளவுலதான் தச்சு வச்சுக்கிட்டிருக்கேன்.”

எழுந்து நின்று, பாவாடையைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரை வந்தது.

“இப்ப அவ என் உயரம் இருக்கா,” என்றாள்.