மோகனின் நிஷாதம்

நாங்கள் வேலைக்கு வந்த வெளிநாட்டு நகரத்தில், கிளென் ஈடன் புறநகரின் ஒரு வாடகை வீட்டுக் கராஜில் எப்போதும் ஈரக் கார்பெட் மணக்கும். மழை பெய்தால் தகரக் கதவு தன்பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கும். சனிக்கிழமை மதியங்களில் அங்கேதான் எங்கள் ராக் பேண்ட்...

கீபோர்ட் நான், யாழ்ப்பாணத்துக்காரி. பேஸ் கிட்டார் கோயம்புத்தூர் சுந்தர். அதே நகரின் ஆல்பனியில் ஐடி வேலை, ரெக்கார்டிங்கும் அவன் லேப்டாப்பில்தான். பாட்டும் கிட்டாரும் மோகன். மலேசியாவின் கிள்ளான்காரன், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்.

எங்கள் பாட்டுகள் எல்லாம் மைனர் ஸ்கேல். நான் படித்த சங்கீதத்தில் அது நடபைரவி. அதில் நிஷாதத்தை, அதாவது 'நி' ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் கீரவாணி. மோகன் இரண்டிலும் நிற்க மாட்டான். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றது, வரி முடிகிற இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழுக்கல்.

"ஏனடா அதில இப்பிடி இழுக்கிறாய்?"

"பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க கல்யாணத்துல இப்படித்தான்க்கா பாடுவாங்க. எங்க ஊரு ராக் பாட்டுலயும் அதேதான் லா. கிட்டார் மட்டும்தான் சத்தமா இருக்கும்."

ஒரே ஒரு பாட்டை முழுதாக ரெக்கார்ட் செய்தோம். அடுத்த வாரம் சுந்தர் பெருமையாகப் போட்டுக் காட்டினான்.

"மோகன் பிட்ச் ரொம்ப ஆடுச்சு. சாஃப்ட்வேர்ல மைனர் ஸ்கேல் செலக்ட் பண்ணி எல்லாத்தையும் நேராக்கிட்டேன்."

ஏறிய நிஷாதத்தை எல்லாம் பிடித்துக் கீழே இறக்கி, வழுக்கலுக்கு இஸ்திரி போட்டிருந்தான். அவனுக்கு எக்செல் ஷீட்டும் பாட்டும் ஒன்றுதான்.

"முதல் பாடினது எங்க?" என்று கேட்டேன்.

"டெலீட் பண்ணிட்டேனே. லேப்டாப்ல இடம் இல்ல."

மோகன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போனான். பிறகு வரவேயில்லை. விசா முடிந்ததும் கிள்ளானுக்கே திரும்பிவிட்டான்.

இப்போது என் போனே அந்த லேப்டாப்பைவிட நன்றாக ரெக்கார்ட் செய்யும். பாடத்தான் ஆளில்லை. போன வருஷம் சுந்தர் அந்தப் பாட்டை நெட்டில் போட்டான். 'என்ன சுத்தமான குரல்' என்று கீழே கமெண்ட்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை.

போன மாதம் மோகனின் மனைவியிடமிருந்து மெசேஜ். அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷனாம். குரல் போய்விட்டதாம். அவன் பாடியது ஏதாவது என்னிடம் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வேறு என்ன இருக்கிறது என்னிடம்? சுந்தர் இஸ்திரி போட்ட அந்தப் பாட்டையே அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது.

"ரொம்ப நன்றிக்கா. புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுனேன். வீட்டுல அவரு பாடுறத கேட்டு வளந்த புள்ளைங்க இல்லையா... இது அப்பா இல்லன்னு சொல்லுதுங்க. வேற யாரு பாட்டையாச்சும் மாத்தி அனுப்பிட்டீங்களாக்கா?"