வெள்ளிக்கிழமைக் கோழிக்கறி

அந்த வருடம் தவக்காலம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் ஒரு புனிதை வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் புனிதை நான்தான். புதுநன்மை எடுத்து, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கி, ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், உடம்பு வளர்வது போல விசுவாசமும் வளர வேண்டும் என்று சொல்லி, உயிர்த்த ஞாயிறு வரை ஆளுக்கொரு ஒறுத்தல் செய்யச் சொன்னார். மாமியின் மகள் டொபி சாப்பிட மாட்டேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எழுந்து நின்று, நாற்பது நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட மாட்டேன் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் விட்டால் போதும் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இறங்கி வருகிற புனிதர்களைப் பற்றி நான் எங்கேயும் படித்திருக்கவில்லை.

மன்னார்க் கரையில் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் இருந்துகொண்டு மீனையும் இறைச்சியையும் விடுவது லேசான காரியமில்லை. கரையில் கருவாடு காய்கிற வாசம் காற்றோடு வகுப்பறைக்குள்ளும் வரும். வீட்டில் அம்மா மீன் பொரிக்கும்போது நான் முற்றத்துக்குப் போய்விடுவேன். போவதை எல்லோரும் பார்க்கிற மாதிரித்தான் போவேன். சில நாள் யாரும் பார்க்காவிட்டால் திரும்பி உள்ளே வந்து, மறுபடி ஒருதரம் போவேன்.

அப்பாவை நான் அரைப் புனிதர் என்று கணக்கில் வைத்திருந்தேன். அவர் மற்ற நாட்களில் மீன் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமையில் மட்டும் மகா கண்டிப்பு. ஒருமுறை தவக்கால வெள்ளியில் அம்மா மறதியாகச் சம்பலுக்குள் கூனி இறாலைப் போட்டு இடித்துவிட்டார். அப்பா சம்பலைத் தள்ளி வைத்துவிட்டு, வெறுஞ்சோற்றில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டு எழும்பினார். வெள்ளி என்றால் அப்பா, அப்பா என்றால் வெள்ளி.

இலுப்பைக்கடவையில் எங்களுக்கு ஒரு பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். இரத்த உறவில்லை; சைவக்காரர், அதாவது இந்துக்கள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் அவர்கள், அந்தப்பக்கம் நாங்கள். நான் பிறந்தது அந்த முகாமில்தான். அம்மாவுக்குப் பத்தியம் காய்ச்சிக் கொடுத்து என்னைக் குளிப்பாட்டியது பெரியம்மா. ஊர் திரும்பிய பிறகு அவர்கள் வயலுக்கும் நாங்கள் கடலுக்கும் போய்விட்டோம். ஆனாலும் அறுவடை முடிந்ததும் பெரியப்பா மறக்காமல் போன் எடுத்து, புது அரிசி ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்பார்.

அந்த முறை பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நிலவு காலத்தில் வலையில் மீன் படுவது குறைவென்று அப்பாவும் கடலுக்குப் போகவில்லை. நாங்கள் வருகிறோம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே கவலை, அங்கே போய் என் ஒறுத்தல் முறிந்துவிடக் கூடாது.

"அங்க மச்சம் தந்தால் என்னப்பா செய்யிறது?"

"வெள்ளியில அந்த வீட்டில மச்சம் அடுப்பில ஏறாது, பிள்ளை. அவை எங்களை விட இறுக்கம்" என்றார் அப்பா.

அதனால்தான் வழக்கமாகக் கொண்டுபோகிற மீனையும் அவர் அன்று எடுக்கவில்லை. ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டார். நான் நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுத் திட்டத்தில் கட்டி இன்னும் பூசி முடியாத வீடு அது. பெரியம்மா ஓடி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரியப்பா எங்களை உள்ளே இருத்தி, வெள்ளாமையைப் பற்றியும் யானை வந்து வேலியை முறித்ததைப் பற்றியும் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் எனக்கு ஒரு வாசம் வந்தது. எத்தனையோ நாளாக மச்சத்தைத் தொடாத மூக்குக்கு அது தப்பாது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யானையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேசையில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் ஊறுகாயும் வந்தன. பிறகு பெரியம்மா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளியில் மச்சம் ஏறாத குசினி அடுப்பிலிருந்து வரவில்லை. மாட்டுக்கொட்டில் பக்கம் கல் வைத்து மூட்டிய அடுப்பிலிருந்து சட்டியை எடுத்து, வீட்டைச் சுற்றி முன்வாசலால் வந்தார். சட்டி நிறையக் கோழிக்கறி. அவர்கள் வளர்த்த சேவல்.

"கடற்கரை ஆக்களுக்கு மச்சம் இல்லாமல் சோறு இறங்காது எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார் பெரியம்மா. "முகாமில எத்தினை நாள் வெறும் பருப்போட கிடந்தனீங்கள். அப்ப என்னால ஒண்டும் ஏலாமல் போச்சு. இண்டைக்கு வடிவாச் சாப்பிடுங்கோ."

அப்பா ஒரு கணம் சட்டியைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். இவர் எப்படி மறுக்கப்போகிறார் என்று பார்க்க எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வதாக இருந்தேன்.

"பெரியம்மா, இண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"பிள்ளைக்கு விடியத் தொடக்கம் வயித்துக்குள்ள சரியில்லை அக்கா" என்றார் அப்பா. "அவளுக்குக் கொஞ்சம் மோர்ச்சோறு குடுங்கோ. அவளின்ர பங்கையும் எனக்குப் போடுங்கோ."

என் வயிற்றுக்குள் ஒரு குறையும் இல்லை. காலையில் அம்மா அவித்த இடியப்பத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சோற்றுக் கோப்பையை நீட்டினார். என்னுடைய அப்பா, தவக்கால வெள்ளிக்கிழமையில், கோழி இறைச்சியைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார்.

முதல் கவளத்தில் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு, "அக்கா, கறி எண்டால் இதுதான்" என்றார். பெரியம்மா இன்னும் இரண்டு அகப்பை போட்டார். அப்பா அதையும் சாப்பிட்டார். பெரியப்பா, தான் பிறகு சாப்பிடுவதாகச் சொல்லிப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி அப்பா சாப்பிடுவதையே சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் பரிமாறியதோடு சரி.

எனக்கு மோர்ச்சோறு வந்தது. அதோடு விடவில்லை. பெரியம்மா வயிற்றுக்கு நல்லதென்று ஓமத்தை அவித்து ஒரு டம்ளரில் கொண்டுவந்து நின்றார். இல்லாத வலிக்கு அந்தக் காரத்தண்ணீரை முழுவதும் குடிக்க வேண்டியதாயிற்று. வேதசாட்சிகளை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

திரும்பி வரும்போது அரிசி மூட்டையைப் பின்னால் கட்டி, என்னைப் பெற்றோல் தாங்கிக்கு மேல் இருத்தியிருந்தார். மன்னார் பாலத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"அப்பா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"ஓம்" என்றார். கொஞ்சத்தூரம் போன பிறகு, "உனக்குப் பசிக்குதோ?" என்று கேட்டார். ஆத்துமத்தைப் பற்றிக் கேட்டால் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "கறியில ஒரு துளி உப்பில்லை. ஊறுகாயைத் தொட்டுத்தான் இறக்கினனான்" என்றார். அம்மா, "அவ எப்பிடி வாயில வைச்சுப் பார்க்கிறது? அவவுக்கும் வெள்ளியெல்லே" என்றார். எனக்கு இது இன்னும் மோசமாகப் பட்டது. ருசியான கறியில் மயங்கி விழுந்தாலாவது ஒரு நியாயம் இருக்கிறது. உப்பில்லாத கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரை என்ன செய்வது? சிஸ்டர் படிப்பித்த தலையான பாவங்களில் போசனப்பிரியம் இருந்தது. அதோடு மாமிசம், அதோடு பொய். ஒரே சாப்பாட்டில் அப்பா இத்தனையையும் செய்துவிட்டார்.

அன்று பின்னேரம் சிலுவைப்பாதை. அப்பா வழமை போலப் பதினான்கு தலத்திலும் முழந்தாளிட்டார். குரல்கூடத் தணியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன், பாவங்களைச் சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்பா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நன்மை நேரம் வந்ததும் எழும்பிப் போய், கையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்து தலையைக் குனிந்து இருந்தார். பாவத்தோடு நன்மை வாங்குவது அதைவிடப் பெரிய பாவம் என்று சிஸ்டர் படிப்பித்திருந்தார். அப்பா செத்துப்போனால் நேரே எங்கே போவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் கடலுக்குப் போகிற மனிதர். எந்த நாளும் எதுவும் நடக்கலாம். அந்தப் பயம் உண்மையான பயம்; இன்றைக்கும் அதை நினைத்தால் அந்தப் பிள்ளைமேல் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

அதனால் அவரை மீட்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்?" என்றார் அம்மா.

"ஒரு ஆத்துமத்துக்காக ஒப்புக்குடுக்கிறன்."

"ஆருடைய ஆத்துமம்?"

"அது சொல்லக்கூடாது."

அம்மா முந்தானையால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். நான் கசந்த தேத்தண்ணியைக் குடித்தேன். கடலில் எஞ்சின் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அப்பா கரைக்கு வந்ததும் மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லுவேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து மாமி குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமியின் மகள் இடையில் டொபி சாப்பிட்டுவிட்டாளாம். மாமி என் தலையைத் தடவி, பெரிய ஆட்களே நிற்கமாட்டாத தவசில் இந்தப் பிள்ளை நின்றுவிட்டதே என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஓம், என்ர மகள் ஒரு நாளும் முறிக்கேல்லை" என்று சொல்லி, பொரித்த பாரை மீனில் பெரிய துண்டாகப் பார்த்து என் கோப்பையில் வைத்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. மெய்யாகவே பெருமைப்பட்டார்.

பெரியம்மா எங்களுக்காகத் தன் வெள்ளியை விட்டிருந்தார். அப்பா பெரியம்மாவுக்காகத் தன்னுடையதை விட்டிருந்தார். என் வெள்ளி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது அப்பா எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான். இதில் ஒன்றும் எனக்கு அன்று விளங்கவில்லை. பாரைத் துண்டைக் கடித்துக்கொண்டே, பெருநாளும் அதுவுமாக, பெரிய மனது பண்ணி நான் அப்பாவை மன்னித்துவிட்டேன்.