மழைக்குக் காத்திருந்த பொம்மை

புது வீட்டுக்குக் குடிபோனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பால் காய்ச்சின அன்று வந்தவர்கள் கதவைத் தடவிப் பார்த்தார்கள், ஓடுகளை அண்ணாந்து பார்த்தார்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடு கட்டின கொத்தனாரும் வேட்டி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் அந்த வீட்டோடு மல்லுக்கு நின்றது நானும் என் கைக்குழந்தையும்தான். எங்கள் வீட்டுக்காரர் விடிந்தால் காட்டுக்குப் போவார், பொழுது சாய்ந்தால் வருவார். வீடு கட்டுவது ஆம்பளைப் பேச்சு. கட்டின வீட்டைப் பார்த்துக்கொள்வது யார் பேச்சு என்று கேட்டால், "ஆரம்பிச்சுட்டயா அம்மிணி" என்பார்.

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் பகல் முழுக்கக் கனவு கண்டுகொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்ட வீடு அது.

உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே மேட்டாங்காடு எங்களுடையது. கடலையும் சோளமும் போடுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வீட்டுப் பனையோலைக் கூரையின் கீழேதான் இருந்தோம். அங்கே அடுப்பு மூட்டினால் புகை வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி, கூரை வழியாக மெல்ல மெல்ல வெளியே போகும். கண்ணெல்லாம் எரியும். துவைத்த சேலையிலும் புகை நாறும். குழந்தை பிறந்த பிறகு, எங்கள் பங்குக் காட்டிலேயே தனியாக ஓட்டு வீடு கட்டினோம். சமையலறையைப் பின்பக்கம் தள்ளி வைத்தோம். புகையே எட்டாத வீடு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கூடத்துக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, உடையாமல் வர வேண்டுமே என்று வீட்டுக்காரர் வண்டியில் மடிமேலேயே வைத்துக் கொண்டுவந்தது. காலையில் அதன் வழியாக ஒரு வெளிச்ச வட்டம் மேற்குச் சுவரில் வந்து உட்காரும். பிறகு சுவரை விட்டு இறங்கித் தரையில் ஊரும். உச்சிப்பொழுதுக்குத் தொட்டில் பக்கத்தில் வந்து நிற்கும். தொட்டில் என்றால் மரத்தொட்டில் இல்லை. என் பழைய சேலையை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டது. எங்கள் பக்கம் தூரி என்போம். நான் தரையில் படுத்துக்கொண்டு ஒரு காலால் தூரியை ஆட்டுவேன். வெளியே வெயில், உள்ளே சுண்ணாம்பின் குளிர்ந்த வாசம், கண் மூடியும் மூடாமலும் கிடப்பேன். அந்த நேரத்தில் யாராவது வந்து என்னை அரண்மனைக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஆனால் வீடு நம்மைத் தூங்க விடுமா? அந்த வருஷம் ஆடியும் பொய்த்தது, ஐப்பசியும் பொய்த்தது. மழையில்லாமல் கதவு காய்ந்து சுருங்கி, தாழ்ப்பாள் கொக்கிக்கு எட்டவில்லை. சுவரில் முடி முடியாக வெடிப்பு விட்டது. சுண்ணாம்பைக் குழைத்து விரலால் நானே அடைத்தேன். கொல்லையில் அடுக்கியிருந்த மிச்ச ஓடுகளுக்குள் தேள் குடியேறியது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. குழந்தை தவழ்வதற்குள் கட்டுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். "மழை வரட்டும், மண்ணு குழைக்கத் தண்ணி வேண்டாமா" என்றார் வீட்டுக்காரர். கடைசியில் நான் போட்ட சத்தத்தில் வேலாமுள் வெட்டிக் கிணற்றைச் சுற்றிப் போட்டார். அதுவும் முணுமுணுத்துக்கொண்டுதான்.

அந்த வீட்டில் யாரும் தொடக்கூடாத ஒன்றும் இருந்தது. வாசல் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்த திருஷ்டி பொம்மை. வீடு கட்டும்போதே நட்டது. நீளமான மூங்கில் கம்பு, வைக்கோலும் சோளத்தட்டும் திணித்த உடம்பு, வீட்டுக்காரருடைய கிழிந்த சட்டை, சுண்ணாம்புப் பொட்டு வைத்த கரிப்பானைத் தலை. கம்பின் அடி மண்ணில் புதைந்திருந்தது, நுனியைக் கயிற்றால் கூரையின் இறவாரத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டாருக்கு ஒரு வழக்கம். புதுக்கூரை மேல் முதல் மழை விழுந்து, அந்தத் தண்ணீர் பொம்மையை நனைத்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வீட்டிலிருக்கிற குழந்தைக்கு ஆகாது. மழை எப்போது வரும் என்று யார் கண்டது? பொம்மை நின்றது.

பொய் சொல்வானேன், எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மேட்டாங்காட்டில் அதுதான் என் எதிர்வீட்டுக்காரி. அரிசி புடைக்கும்போது அதனிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்வேன். சாயந்தரக் காற்றில் சட்டைக் கை ஆடும்போது, ஆமாம் என்று அது ஒத்துக்கொள்வதாக எனக்குத் தோன்றும்.

கார்த்திகை கடைசியில் என்று நினைக்கிறேன், உச்சிப்பொழுதில் அந்த வெளிச்சத்துக்குள் தூள் இறங்க ஆரம்பித்தது. மெல்லிசான தூள். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் மினுங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கும். குழந்தை தூரியிலிருந்து கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்க்கும். நான் அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். சுண்ணாம்பு காய்ந்து உதிர்கிறது என்று நினைத்தேன். மேலே யாரோ உட்கார்ந்து பொரி கொறிக்கிற மாதிரி ஒரு சத்தமும் கேட்கும். புது வீட்டுக்கு ஏதோ ஒரு பேச்சு இருக்கும்போல என்று அதையும் சுகமாகக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்காரர் போன வருஷத்துக் கடலை மூட்டைகளோடு சேலத்துக்கு வண்டி கட்டிப் போயிருந்த ஒரு நாள், குழந்தையின் நெற்றியில் படிந்த தூளை விரலால் துடைத்தேன். சுண்ணாம்பு என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். இது மண் நிறத்தில் இருந்தது. நசுக்கினால் நார் நாராக நெருடியது. மரம்.

குழந்தையைத் தூக்கிக் கொல்லையில் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்து, உலக்கையை எடுத்து விட்டத்தைத் தட்டினேன். கிழக்குப் பக்கம் மரம் கணீர் என்று சொன்னது. தூரி தொங்குகிற இடத்தில் தட்டினால் அந்தக் கணீர் இல்லை. காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி பொத்தென்று போனது. தூள் கொட்டியது. மாமரத்து விட்டம் வேண்டாம், வேம்பு போடுங்கள் என்று நான் அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?

செல்லு. கரையான். எங்கே ஏறியது என்று வீட்டைச் சுற்றி வந்தேன். சுவர் அடியெல்லாம் சுத்தமாக இருந்தது. நான்தான் வாரம் தவறாமல் சாணி போட்டு மெழுகுகிறேனே. அப்புறம் பொம்மைக்கிட்ட வந்து நின்றேன். மூங்கிலின் பின்பக்கம், சுவரை ஒட்டின பக்கம், அடியிலிருந்து நுனி வரைக்கும் விரல்தடிமனில் மண்கோடு. நுனியிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து இறவாரம், இறவாரத்திலிருந்து விட்டம். சட்டையை விலக்கிப் பார்த்தேன். வயிற்றில் வைக்கோல் இல்லை, எல்லாம் மண்ணாகி இருந்தது. நான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது ஒரு புற்றிடம்.

கையை வைத்துப் பிடுங்கப் போனேன். "தொடாதே" என்று பின்னால் குரல். மாமியார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் வீடு. தினமும் அந்த நேரத்துக்குக் குழந்தையைப் பார்க்க வருவார்.

"செல்லுங்க அத்தை. விட்டமே போச்சுங்க. இந்தக் கம்பு வழியாத்தான் ஏறியிருக்குது."

அத்தை மண்கோட்டைப் பார்த்தார், உள்ளே போய் விட்டத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்து, "மழை உழுகாம எடுக்கப்படாது அம்மிணி" என்றார்.

"விட்டம் தலைமேல உழுந்தாப் பரவாயில்லீங்களா?"

"தூரியை அக்கட்டால கெழக்குப் பக்கம் கட்டு. இல்லாட்டி குழந்தைய நான் தூக்கிட்டுப் போயி என்ற ஊட்ல வெச்சுக்கறேன். பொம்மையத் தொடாதே."

"தினமும் செல்லு ஏறிட்டே இருக்குமுங்க. இன்னிக்கு இந்த விட்டம், நாளைக்கு அந்த விட்டம். அப்பறம் எந்த ஊட்டுக்குள்ள குழந்தைய வெக்கறதுங்க?" என் குரல் மேட்டாங்காடு முழுக்கக் கேட்டிருக்கும். அத்தையிடம் அப்படி நான் அதற்கு முன்னால் பேசினதில்லை.

அத்தை கோபப்படவில்லை. வேப்பமரத்தடியில் குழந்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் காலைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உன்ற ஊட்டுக்காரனுக்கு முந்தி எனக்கு ஒரு பையன் இருந்தான். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

"நாங்களும் புதுசா ஊடு கட்டிப் போனோம். அன்னிக்கும் மழையில்ல. அடுப்புக்கு வெறகு இல்லைன்னு பொம்மைக் கம்பைப் புடுங்கி நான்தான் எரிச்சேன். ஆரு கேக்கப் போறான்னு எரிச்சேன். அந்த மாசமே காய்ச்சல் வந்து பையன் போயிட்டான். எங்க ஊட்டுக்காரரு ஒரு வார்த்தை கேக்கலை. நானாச் சொல்லவும் இல்லை. சாமி, இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

அது காய்ச்சல் அத்தை, கம்பு என்ன செய்யும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் என் குழந்தையைப் பார்த்தேன். எனக்கே தைரியம் வரவில்லை. மனுஷிதானே நானும். பொம்மையை விட்டால் வீடு போகும், எடுத்தால் இவர் பயந்தே சாவார், ஒருவேளை நானும்தான். வெயில் கொளுத்துகிறது, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அந்தக் கோபத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

"அத்தை, கூரை மேல தண்ணி உழுந்து, அது பொம்மையில படோணும். அவ்வளவுதானுங்களே?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மேகம்தான் ஊத்தோணுமின்னு ஆராச்சும் சொல்லியிருக்காங்களா?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "சொன்னதில்லை" என்றார்.

வேலாமுள்ளை ஒதுக்கிவிட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். ஏணியைப் பொம்மைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, பொம்மைக்கு நேர் மேலே ஓடுகளின் மேல் ஊற்றினேன். காய்ந்து கிடந்த ஓடு உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டது. முதல் குடத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கீழே வரவில்லை. மறுபடி இறங்கி, மறுபடி சேந்தி, மறுபடி ஏறினேன். அப்போதுதான் ஓட்டு மடிப்புகளில் தண்ணீர் ஓடி, இறவாரத்தில் நூல் நூலாக இறங்கியது. பல மாசமாக அந்தக் காட்டில் எழாத மண்வாசம் எழுந்தது. வெயிலுக்குள்ளே ஒரு சின்ன மழை. பொம்மையின் கரிமூஞ்சியில் சுண்ணாம்புப் பொட்டுகள் கரைந்து வழிந்தன.

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கீழே வந்து நின்றார். கையை நீட்டிப் பிடித்து, குழந்தையின் உச்சியில் தடவினார். "மழ வந்துருச்சு சாமி" என்று அதன் காதில் சொன்னார். குழந்தை தண்ணீரைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. நான் ஏணிமேல் நின்றுகொண்டு அழுதேன். இறங்கி வந்து கயிற்றை அறுத்துப் பொம்மையைச் சாய்த்தேன். உடம்பு பொலபொலவென்று உடைந்து, வெள்ளை வெள்ளையாகக் கரையான் வெயிலில் ஓடியது. வாய்க்கால் மேட்டுக்கு இழுத்துப்போய்த் தீ வைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து வந்து, விட்டத்தில் கடப்பாரையை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். கடப்பாரை உள்ளே போனது. கையை விட்டுப் பார்த்தார், மணிக்கட்டு வரைக்கும் போனது. தூரிச் சேலை கட்டியிருந்த தடம் அந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை "ஆரம்பிச்சுட்டயா" என்று அவர் கேட்டதில்லை. வேம்பு விட்டம் வந்தது. கிணற்றுக்குச் சுவரும் வந்தது. கரையான் அண்டாமலிருக்கப் பொழுது சாயும் நேரத்தில் கூடத்தில் வேப்பிலைப் புகை போடுவது என் வேலையானது. புகை எட்டாத வீடு என்கிற பீற்றலை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்குப் பொம்மை எரிந்து முடிந்து நான் திரும்பி வந்தபோது, அத்தை குழந்தையை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தார். குடத்தில் தண்ணீர் இருந்தது. பொம்மை இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கொடந் தண்ணி" என்றார். "ரெண்டே கொடந்தானே அம்மிணி. எனக்கு அன்னிக்கு இது தோணலியே."

நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். "அது காய்ச்சலுங்க அத்தை. உங்க மேல ஒண்ணுமில்லீங்க." அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணிப் பக்கம் நடந்தார்.

"இனி எதுக்குங்க? அதான் பொம்மையை எடுத்தாச்சே" என்றேன்.

"இது அவனுக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை ஏணியில் ஏறினார்.

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.