பாரமில்லாத பிரேக் டிஸ்க்

என் ஸ்போர்ட்ஸ் பைக்கின் தேய்ந்துபோன பின் பிரேக் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இன்று கல்முனையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரக் காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓட்டை ஓட்டையாக ஒரு புது டிஸ்கை நீட்டினார்.

"ரேஸ் சாமான் தம்பி. பாரமே இல்ல. பைக் பறக்கும்."

எனக்குப் பறக்க வேண்டாம். அக்கரைப்பற்று ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் நிற்க வேண்டும்.

என் முகத்தில் சந்தேகத்தைக் கண்டவர், இரண்டு டிஸ்கையும் பக்கத்து மீன்காரரின் தராசில் கொண்டுபோய் வைத்தார். புதியது பழையதில் பாதிகூட இல்லை.

"பாத்தீங்களா? வல்லாஹி, நான் பொய் சொல்லல்ல."

பொய் இல்லைதான். மிச்சப் பாதி இரும்பு எங்கே போனது என்பதுதான் என் கவலை. மீன்காரர் புது டிஸ்கைச் சுண்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

கடை வாசலில் காக்காவின் சொந்த ஸ்போர்ட்ஸ் பைக் நின்றது. குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தில் கம்பெனி டிஸ்க், நல்ல தடிப்பு.

"நீங்க ஏன் காக்கா இதப் பூட்டல்ல?"

"எனக்கு மூணு புள்ளையள் இருக்கு தம்பி."

வாங்காமல் வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாரமில்லாத டிஸ்க் பூட்டி ஓடுகிறவர்கள் இருந்தால், பிரேக் பிடிக்கிறதா என்று சொல்லுங்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.