ஓரத்தில் பச்சை நூல்

மேகலாவின் வாய் நிறைய குண்டூசி இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்றுதான் பதில் வரும். அப்படி வந்த ஒரு ‘ம்’மினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே கெட்டுப்போகப் பார்த்தது.

பெரம்பலூர் பாலக்கரைக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய ஆரி வேலைப்பாட்டு ஜாக்கெட் கடை. மாடிப்படி ஏறி எவளும் வர மாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் புருஷன் கோகுலகிருஷ்ணன்கூட, “கீழ ஒரு எடம் கெடைக்கிற வரைக்கும் வூட்டுலயே தைக்கலாம்ல” என்றான். முதல் வருடம் கடையில் மேகலாவும், ஊக்கு வைத்துத் தர வரும் சாந்தா அக்காவும், ஜாக்கெட் மாட்டி வைக்கும் ஒரு பொம்மையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேகலா இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட ஆரம்பித்தாள்.

போட்டதெல்லாம் ஓடிவிடவில்லை. ஜமிக்கி தைப்பதைப் போட்டாள், நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் உடையார்பாளையத்தில் இருக்கும் பிறந்த வீட்டுச் சொந்தங்கள். ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில், ஒரு கையில் பெண் பெயரும் மறு கையில் மாப்பிள்ளை பெயரும் தைத்திருந்ததைக் கிட்டத்தில் காட்டினாள். அன்றைக்குப் பிடித்தது யோகம். ஜனங்களுக்கு வேலைப்பாடு இரண்டாம்பட்சம். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்பதுதான் முதல். நம் ஊர் குணம் அது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்றிலிருந்து எந்த ரீல்ஸாக இருந்தாலும் கடைசியில் இரண்டு பெயர்களும் பளிச்சென்று வந்து நிற்கும். மாடிப்படியில் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

அப்படி வந்தவள்தான் தென்றல். குரும்பலூர்ப் பக்கத்துப் பெண். அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பஸ் மாறுகிற நேரத்தில் மூச்சு வாங்க ஏறி வந்து அளவு கொடுத்தாள். அரக்கு நிறப் பட்டில் ஜாக்கெட், வலது கையில் தென்றல், இடது கையில் தமிழழகன், கழுத்தைச் சுற்றியும் கை ஓரத்திலும் முத்து. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றாள். கிளம்பும்போது, “வீடியோ எதுவும் போட்டுடாதீங்கக்கா” என்றாள். மேகலாவின் வாயில் குண்டூசி.

“ம்.”

உள்ளதைச் சொன்னால், குண்டூசி இல்லாவிட்டாலும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். எல்லாப் பெண்களும் முதலில் வேண்டாம் என்பார்கள். கல்யாணம் முடிந்ததும், “எல்லாருக்கும் போட்டீங்க, எனக்கு மட்டும் போடலையே” என்று மூக்கைச் சிந்துவார்கள். இதுவும் அந்த வெட்கம்தான் என்று நினைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, இன்னும் ஓரம்கூட அடிக்காத ஜாக்கெட்டைப் பொம்மைக்கு மாட்டி, ஜன்னல் வெயிலில் நிறுத்தி எடுத்துப் போட்டாள். புதன்கிழமை மதியத்துக்குள் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மேகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாந்தா அக்காவிடம் நிமிடத்துக்கொரு தரம் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் வந்தது.

“அக்கா, அத எடுத்துடுங்க.” தென்றல் கிசுகிசுத்தாள். “எங்க வூட்டுல என்னைய என் மாமாவுக்குப் பேசி வச்சிருக்காங்க. தமிழு வேற ஆளுங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் போற மாதிரி கெளம்பி வந்துடலாம்னு இருந்தேன். இன்னைக்கே தெரிஞ்சா ரூம்ல போட்டுப் பூட்டிடுவாங்கக்கா. அதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு எனக்கே தெரியாது.”

மேகலா அந்த வீடியோவைத் திறந்தாள். திறந்தும், அதை அழிக்கப் போன விரல் ஒரு நொடி நின்றது. எண்பதாயிரம் பேர். அந்த ஒரு நொடிக்காக அவள் இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள். அழித்தாள். ஆனால் அதற்குள் கல்யாண வீடியோக்களை அள்ளிப் போடுகிற யாரோ இரண்டு பேர் அதையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். யார் யாருடைய ஸ்டேட்டஸிலோ ஓடிக்கொண்டிருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்று மணிக்கு ஒரு ஆள் படியேறி வந்தான். வெள்ளை வேட்டி, முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். பஞ்சநாதன் என்று பெயர் சொன்னான். குரல் உயரவே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட மேகலாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“இது யாருக்குத் தைச்சதுங்க?” என்று போனை நீட்டினான்.

“சாம்பிளுங்க.”

“பேரு போட்டிருக்கே.”

“மனசுல தோணுன பேருங்க. பேரு இருந்தாத்தான் பாக்குறாங்க.”

“எங்க அக்கா பொண்ணு பேரும் தென்றல்தான். நான் கட்டிக்கப் போற பொண்ணு.” பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சாம்பிள்னா வெலைக்குத் தருவீங்கள்ல? குடுங்க. எங்க அக்காவ வுட்டு அந்தப் புள்ளைக்குப் போட்டுப் பாக்கச் சொல்றேன். சேரலன்னா சாம்பிளு. சேந்துடுச்சுன்னா அப்புறம் பேசிக்குவோம்.”

இருதலைக்கொள்ளி எறும்பாகிப் போனாள் மேகலா. தர மாட்டேன் என்றால் இது ஆர்டர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தந்தாலோ, தென்றலுக்கு அது கச்சிதமாகச் சேரும். அளவெடுத்தவள் அவளாயிற்றே. ஒரு நூல் இழைகூடத் தப்பாது.

“தரேங்க,” என்றாள். “ஓரம் அடிக்கல. இப்படியே குடுத்தா பிரிஞ்சுடும். பத்து நிமிஷம் உக்காருங்க.”

அவனுக்கு முதுகைக் காட்டி மிஷினில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, இருந்த தையலுக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி, இடுப்பிலிருந்து அக்குள் வழியாகக் கையின் முனைவரை ஒரே ஓட்டாக ஓட்டினாள். கை முனையில் முத்துமேல் ஏறி ஊசி படக்கென்று ஒடிந்தது.

“என்ன ஆச்சுங்க?”

“ஊசி ஒடிஞ்சு போச்சுங்க.”

டப்பாவைத் திறந்து புது ஊசியைத் தேடினாள். அவன் எழுந்து வருவது கேட்டது. சாந்தா அக்கா ஊக்கு வைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டாள். “ஏங்க, உங்க பக்கம் வெங்காயம் எப்புடிங்க?” என்று கேட்டாள். பெரம்பலூர்ச் சீமையில் எந்த ஆம்பளையிடம் சின்ன வெங்காயத்தைப் பற்றிக் கேட்டாலும் பத்து நிமிடம் நிச்சயம். “திருகல் நோவுல பாதி போச்சுங்க” என்று அவன் நின்ற இடத்திலேயே ஆரம்பித்தான்.

மேகலா மறுபக்கத்தையும் தைத்து முடித்தாள். இப்படியே விட்டால், தையல் தெரிந்தவள் யாராவது அதைப் பிரித்தால் பழைய அளவு வந்துவிடும். ஓவர்லாக் மிஷினில் கொடுத்தாள். அது ஓரத்தைத் தைத்துக்கொண்டே மிச்சத் துணியை வெட்டித் தள்ளும். பட்டும் முத்துமாகப் பன்னிரண்டு நாள் வேலை கீற்றுக் கீற்றாகக் காலடியில் விழுந்தது. அவள் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதைத் தன் கையாலேயே வெட்டினாள்.

பஞ்சநாதன் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். சாந்தா அக்கா கீழே கிடந்த கீற்றைப் பொறுக்கினாள்.

“மேகலா, நூலப் பாத்தியா?”

காலையில் வேறொருத்தியின் கிளிப்பச்சை ஜாக்கெட்டுக்கு மாட்டிய நூல், மிஷினில் அப்படியே இருந்திருக்கிறது. அரக்கு ஜாக்கெட்டுக்குப் பச்சை நூலில் ஓரம். ஆம்பளைக்கு அது கண்ணில் படாது. உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும், யாரோ அவசரத்தில் வெட்டிச் சுருக்கியது என்று உடனே தெரிந்துவிடும்.

சாயங்காலம் மேகலா கூப்பிட்டுப் பார்த்தாள். தென்றலின் போன் அணைந்திருந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள். தென்றல் வழக்கமாகப் போகும் அரியலூர் பஸ் கிளம்பிப் போனது. அடுத்ததும் போனது. பிடித்து வைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டாள். என் ஆசையால் ஒரு பெண் குடி கெட்டது என்று சாந்தா அக்காவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோது, தென்றல் வேலைக்குப் போகும் பையோடு படியேறி வந்தாள்.

“அம்மா எனக்குப் போட்டுப் பாத்துச்சுக்கா,” என்றாள். “முழங்கைக்கு மேல ஏறல. திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் மாமாகிட்ட, ‘எவளோ ஒரு தென்றலுடா, போயி வேலயப் பாரு’ன்னுச்சு.”

மேகலா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லியும் கேக்காமப் போட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.” கடையிலிருந்த ரெடிமேட் ஜாக்கெட் ஒன்றை அவள் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தாள் மேகலா. அதோடு போனவள் மறுநாள் தாலி கட்டிக்கொண்டாள். இப்போது இருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது இங்கே வேண்டாம். ஒருத்தி ஊருக்குச் சொல்லிப் பட்டது போதும்.

அதன்பிறகு மேகலா எந்த ரீல்ஸிலும் பெயர் காட்டுவதில்லை. பார்க்கிறவர்கள் குறைந்துதான் போனார்கள். குறையட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தாள். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அரக்கு நிறம். கையில் தென்றல் என்று இருந்தது.

“இதுக்கு ஒட்டுக் குடுத்துப் பெருசாக்க முடியுங்களா? அளவு உங்ககிட்ட இருக்கும்ல.”

மேகலாவின் வாயில் குண்டூசி. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“ஓரம் அடிக்கிறப்ப இந்தத் தடவ பச்ச நூலப் போட்டுடாதீங்க,” என்றாள் அந்த அம்மாள். “இருவது வருஷமா நானும் வூட்டுல மிஷினு வச்சிருக்கேன்.”

வந்தவள் தென்றலின் அம்மா, தனம். சாந்தா அக்கா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

“தைச்சு அவகிட்ட சேத்துடுங்க. வூட்டுல அவ பேச்சையே எடுக்க முடியல. போன்ல பேசுனா என் தம்பிக்குத் தெரிஞ்சுடும்.” மஞ்சப்பையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். “நீங்க வீடியோ போடுவீங்கள்ல. உங்க வீடியோவ ஊரே பாக்குது, நானும் ஒரு ஓரமா பாத்துக்குவேன். இத அவ போட்டுக்கிட்டு நிக்கிறப்ப ஒண்ணு எடுத்துப் போடுங்க.”

“இப்பல்லாம் பேரு காட்டுறது இல்லைங்கம்மா,” என்றாள் சாந்தா அக்கா.

“பேரு வேணாம். மொகமும் வேணாம். முழங்கைக்குக் கீழ காட்டுனாப் போதும். எம் புள்ள கையி எனக்குத் தெரியும்.”

மேகலா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். “போடுறேம்மா,” என்றாள்.