கௌசல்யாவின் ஏழு மணி போன்

கௌசல்யா பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வைத்தவர் என்று நம் இலுப்பூர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருக்கிறார்கள். தவறு.

ஆம், கௌசல்யா இறந்துவிட்டார். நேற்று விடிந்ததும், என் வீட்டு மாடியில், மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது...

அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். கௌசல்யா ஒரு திருநங்கை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு என் மாடியில் அவசரத் தங்குமிடம் நடத்தினார். திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பதால், அல்லது பையன் பையனை, பெண் பெண்ணை விரும்பியதால், உடுத்திய துணியோடு வாசலில் நிறுத்தப்பட்ட பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

இப்போதும் மூன்று பேர் மேலே இருக்கிறார்கள். தங்குமிடத்தை மூடுவதாகப் பேச்சு வந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கௌசல்யா மாடியை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று என் நிபந்தனைகளைச் சொன்னேன். படியில் செருப்பு கிடக்கக் கூடாது. குழாயை ஒழுக விடக் கூடாது. ஒன்பது மணிக்கு கேட் பூட்டப்படும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எங்க பக்கமும் ஒண்ணு இருக்குங்க பெரியம்மா" என்றார்.

"என்ன?"

"வர்ற பிள்ளைககிட்ட ஏன் வந்தன்னு நீங்க கேக்கக் கூடாது. சாப்டியான்னு மட்டும் கேளுங்க."

குடியிருக்க வருகிறவர் வீட்டுக்காரிக்கு நிபந்தனை போட்டு நான் கண்டதில்லை. அன்றே சாவியைக் கொடுத்தேன். கேட் நிபந்தனை மட்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை... துரத்துகிறவர்கள் நேரம் பார்த்தா துரத்துகிறார்கள்?

பிள்ளை வந்ததும் முதலில் சோறு. உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல். சட்டப்படி செய்ய வேண்டியதில் ஒரு புள்ளி குறைய விடமாட்டார். அதன் பிறகு அவருடைய சொந்த வழக்கம் ஒன்று உண்டு.

மாலை ஏழு மணிக்கு, பிள்ளையிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அதன் அம்மாவுக்குப் போன் செய்வார். "அம்மா, பிள்ளை சாப்ட்டுருச்சு. வச்சிர்றேன்." அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, வாதம் கிடையாது. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும்.

நான் செபமாலை தொடங்கும் நேரமும் அதுதான். மாடிப்படியில் நின்று அவர் பேசுவது ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் நடுவில் வந்து விழும். பலமுறை கண்டித்திருக்கிறேன்.

"மேல டவர் இல்லீங்க பெரியம்மா. ஒங்க மாதாதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். பள்ளிச் சீருடை, நனைந்த பை. கூடப் படித்த பெண்ணை விரும்பியது வீட்டில் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் வைத்த போனில் அவளுடைய அம்மா போட்ட சத்தம் கீழே என் அறை வரைக்கும் கேட்டது.

"பிள்ளை பிடிக்கிறவளே! எம்புள்ளைய எங்கிட்டு வச்சிருக்க? போலீசுக்குப் போறேன் இரு!"

"நாங்களே சொல்லியாச்சும்மா. பிள்ளை சாப்ட்டுருச்சு. வச்சிர்றேன்."

இப்படியே நாள்தோறும். பொறுக்க முடியாமல், "திட்டுகிறவளுக்கு எதற்குப் போன்?" என்று கேட்டுவிட்டேன்.

"திட்டுறதுக்காச்சும் எடுக்குதுல்லங்க" என்றார். பிறகு, "நான் வீட்ட விட்டு வந்தப்ப எங்க ஆத்தாவுக்கு யாரும் சொல்லலைங்க பெரியம்மா. எம்புள்ள எங்க பட்டினி கெடக்கோன்னு சாகுற வரைக்கும் பொலம்பியிருக்கு. நான் என்னடான்னா இங்கிட்டு மூணு வேளையும் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு செபமாலை நேரத்தைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஒரு நாள், வழக்கமான அந்த வாக்கியத்துக்குப் பிறகு போனில் சத்தமே இல்லை. கௌசல்யாவும் வைக்காமல் நின்றார். பிறகு அந்த அம்மாவின் குரல்.

"என்ன சாப்ட்டா?"

"கத்தரிக்கா கொழம்புங்கம்மா."

"அய்யய்யோ, அவளுக்குக் கத்தரிக்கா ஆகாதே! ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும். ஒனக்கு அறிவிருக்கா?"

கௌசல்யா படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியம்மா! இப்பக் கத்தரிக்காய்க்குத் திட்டு வாங்குறேன்!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா பிறகு வந்து, முறைப்படி எழுதிக் கொடுத்து, மகளை அழைத்துப் போனார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடந்துவிடவில்லை. போனையே எடுக்காத வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கும் ஏழு மணிக்கு மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது.

பிரித்து வைத்தவராம்.

நேற்று அடக்கத்துக்கு, கத்தரிக்காய்க்குத் திட்டிய அந்த அம்மா திருவரங்குளத்திலிருந்து மகளோடு வந்திருந்தார். மாலையை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மேல இருக்க பிள்ளைக சாப்டுச்சுகளா?"

யாரும் சாப்பிடவில்லை. அந்த நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அவரே மேலே போய் உலை வைத்தார்.

ஏழு மணிக்குச் செபமாலையைக் கையில் எடுத்தேன். மாடிப்படி அமைதியாக இருந்தது... விரலுக்குள் ஒரு சிறுமணிகூட நகரவில்லை. எழுந்து மேலே போய், பிள்ளைகளிடம் கேட்டுக் கௌசல்யாவின் போனை எடுத்துவந்து, மூன்று வீடுகளுக்கும் நானே பேசினேன். இரண்டு அம்மாக்கள் எடுத்தார்கள். "எங்க, அந்தப் பொண்ணு பேசலையா?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். அழுதார்.

மூன்றாவது வீட்டில் எடுக்கவில்லை. இன்று மறுபடி அழைப்பேன்.

போய் வா, கௌசல்யா. பிள்ளைகள் சாப்பிட்டாச்சு.

இனி, தங்குமிடத்துக்குப் பொறுப்பான திருச்சி அறக்கட்டளை அலுவலகத்துக்கு; இதை உங்களுக்கும் அனுப்புகிறேன். மாடியை மூடிவிட்டு, பிள்ளைகளைத் திங்கட்கிழமை ஆளுக்கொரு விடுதிக்கு அனுப்புவதாக இன்று காலை போனில் சொன்னீர்கள். என் மாடி இதற்காகவே இருக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கௌசல்யாவின் இடத்துக்கு ஆள் அனுப்புவீர்களா, அதுவரை இந்த மூன்று பேரும் இங்கேயே ஒன்றாக இருக்கலாமா? போனில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.