செவ்வந்தி பதில் போடாத பில் கடிதம்

1999 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்குக் கருமத்தம்பட்டியில் பாலுசாமியின் எஸ்.டி.டி. பூத்துக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. நேரத்தை உறுதியாகச் சொல்கிறேன். ஏனென்றால் செவ்வந்தி ஒவ்வொரு முறை இன்டர்நெட் லைன் போடும்போதும், போட்ட நேரத்தையும் வெட்டிய நேரத்தையும் சுவரில் மாட்டிய சிலேட்டில் எழுதிவிடுவார். நான் எதிர்வீட்டுக்காரன், பேப்பர் படிக்கத் தினமும் அங்கே போவேன். சிலேட்டை மாலையில் அழித்துவிடுவார்கள் என்பதால், அதில் இருந்ததை அன்றன்றே என் நாட்குறிப்பில் எடுத்து எழுதிக்கொள்வது வழக்கம்.

செவ்வந்தி பிறந்தது 1968 ஆவணியில். அப்பா சின்னான், அம்மா பூவாத்தாள். இருவரும் பாலுசாமியின் தகப்பனார் தோட்டத்தில் பண்ணைய வேலை செய்தவர்கள். பத்தாவது முடித்ததும் செவ்வந்தி பாலுசாமியின் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றப் போனார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை அது. பகலெல்லாம் நூல் தூசியில் நின்றுவிட்டு, மாலையில் சோமனூருக்குப் போய் டைப்ரைட்டிங் படித்தார். இங்கிலீஷில் ஹையர் தேறினார். கணவர் போன பிறகு மகள் பொற்கொடியை வைத்துக்கொண்டு அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார்.

1998 ஜூனில் பாலுசாமி பூத்தில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்கிறவர்கள் வெளிநாட்டுக்கு நேராகக் கடிதம் போட ஆசைப்பட்ட காலம். கோயமுத்தூரிலிருந்து வந்த ஆப்பரேட்டர் இரண்டு மாதத்தில் நின்றுகொண்டான். அந்த நாற்காலியில் செவ்வந்தி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருக்க, தறி முதலாளிகள் எதிரே நின்றுகொண்டு கடிதம் சொல்வது ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பாலுசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் வேலையில் ஒரு தப்பு நடந்துவிட்டால் அந்தப் பேச்சு எழும் என்று செவ்வந்திக்குத் தெரியும்.

அன்று வந்த கடிதத்தை அவர் பிரின்ட் எடுத்து, இரண்டு முறை படித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலுசாமி பார்த்துவிட்டார்.

"என்னம்மணி, கடுதாசிய வெச்சுக்கிட்டு சாமி கும்பிடறியா?"

"பில்லு வந்திருக்குதுங்கய்யா. நம்ம இன்டர்நெட்டு கணக்குக்கு."

"எவ்வளவாம்?"

"தொகை போடலீங்க. பாக்கி இருக்குதுன்னு மட்டும் போட்டிருக்குது. அவிய கம்ப்யூட்டரு ரிப்பேர்ல நம்ம விவரம் அழிஞ்சுபோச்சாம். யூசர் பேரும் பாஸ்வேர்டும் எழுதி அனுப்போணுமாம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல அனுப்பலீன்னா லைன வெட்டிப்போடுவாங்களாம்."

வெட்டிப்போடுவார்கள் என்ற சொல் பாலுசாமிக்குப் போதும். அவர் தறிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடத்தில் கரண்ட் ஆபீஸ்காரர் ஒரு முறைகூட பியூஸைப் பிடுங்கியதில்லை. பில் வந்த அன்று மதியத்துக்குள் கட்டிவிடுவார். ஊரில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

"அப்ப அனுப்பிச்சுப்போடு. பில்லுன்னு வந்தா நாளைக்குன்னு தள்ளற பழக்கம் நம்முளுக்கு இல்ல."

பக்கத்து பெஞ்சில் சென்னியப்பன் இருந்தார். பதினாறு தறி வைத்திருப்பவர், பாலுசாமிக்குப் பங்காளி முறை. முதல் முறையாக நாலாயிரம் குளியல் துண்டுக்கு வெளிநாட்டிலிருந்து விசாரணை வந்து, அந்த வாரக் கடைசிக்குள் ஆர்டரை உறுதி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் முந்திக்கொண்டு நூல் வாங்கிவிட்டார்.

"பாலண்ணா, லைனு போச்சுன்னா என்ற ஆர்டரு போச்சுங்க. நூலு மூட்டைய ஊட்டுக்குள்ள அடுக்கிப்போட்டு, நாங்க வாசல்ல படுத்திருக்கறோம். அனுப்பச் சொல்லுங்க."

"கொஞ்சம் விசாரிச்சுப்போட்டு அனுப்பலாமுங்க" என்றார் செவ்வந்தி.

"இதுல விசாரிக்க என்ன இருக்குது? பாஸ்வேர்டுங்கறது எங்க கொலசாமி பேரு. வருசா வருசம் நானும் அங்கதான் பொங்க வெக்கிறேன். ஊருக்கே தெரிஞ்ச பேர எழுதறதுக்கு உனக்குக் கை வலிக்குதா?" என்றார் சென்னியப்பன்.

அது உண்மைதான். கணக்கு ஆரம்பித்த அன்று, ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டதும், பாலுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு குலதெய்வத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். பூத்தில் அன்று ஏழு பேர் இருந்தோம்.

"சாமி பேரு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. அதுதான் பாஸ்வேர்டுன்னு இந்தக் கடுதாசி போட்டவருக்குத் தெரியாதுங்களே" என்றார் செவ்வந்தி. "இன்னொண்ணுங்க. நம்ம முகவரிக்குத்தான் கடுதாசி வந்திருக்குது. அந்த முகவரியிலயே நம்ம யூசர் பேரு இருக்குது. வந்து சேந்த பொறவு உன்ற பேரென்னன்னு கேட்டா எப்புடிங்க? அனுப்புன முகவரியும் ஆபீசு முகவரி மாதிரி இல்ல. காலேஜ் பசங்க ஓசியில வெச்சிருக்கறாங்களே, அந்த மாதிரி இருக்குது."

"அவிய மிசின்தான் ரிப்பேராச்சே. வேற மிசின்ல இருந்து போட்டிருப்பாங்க" என்றார் சென்னியப்பன்.

செவ்வந்தி கடிதத்தை மறுபடி படிக்க ஆரம்பித்தார். பாலுசாமி சிரித்தார்.

"ஏம்மணி, அன்னைக்கு யோசிக்காம நம்பர் சொன்னியே, அதுக்கு இன்னைக்கு வட்டியும் மொதலுமாச் சேத்து யோசிக்கிறியாக்கும்."

இந்த நம்பர் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நெய்து முடித்த துணியைப் பீஸ் பீஸாக மடித்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைப்பார்கள். ஜவுளி வியாபாரியின் ஆள் எடுக்க வரும்போது, எந்தெந்த நம்பர் வேண்டும் என்று அவன்தான் சொல்ல வேண்டும். அதுதான் அடையாளம். 1987 நவம்பரில் ஒருவன் வந்து, தார் சுற்றிக்கொண்டிருந்த செவ்வந்தியிடம், "ஏனுங்க அம்மணி, எந்த நம்பரெல்லாம் ரெடியாயிருக்குதுங்க?" என்று பணிவாகக் கேட்டான். இவர் எட்டிப் பார்த்து, பதினாலிலிருந்து பத்தொன்பது வரை என்று சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அவன் டெம்போவோடு வந்து, மேஸ்திரியிடம் பதினாலு முதல் பத்தொன்பது என்று சொல்லி ஆறு பீஸையும் ஏற்றிக்கொண்டு போனான். வியாபாரியின் நிஜமான ஆள் மறுநாள் வந்தான். பாலுசாமி கூலியில் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பதினோரு வருடமாக, "இன்னைக்கு யாருக்கு நம்பர் சொன்னே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூலியில் பிடித்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

அன்று அந்தக் கேலிக்குச் செவ்வந்தி தலை குனியவில்லை.

"அதேதானுங்கய்யா. எடுக்க வாரவன்தான் நம்பர் சொல்லோணும். நம்மகிட்டக் கேட்டான்னா அவன் அந்தக் கடை ஆளே இல்ல. இந்தக் கடுதாசியும் நம்மகிட்டத்தான் கேக்குது."

பாலுசாமி கடிதத்தை ஒரு தரம் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "செரி. நாளைக்கு அந்திக்குள்ள விசாரிச்சுக்கோ. முடியலீன்னா அனுப்பிச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும். லைனு போச்சுன்னா கம்ப்யூட்டரு எதுக்கு, நாற்காலி எதுக்கு? நீ பழையபடி தார் சுத்தத்தான் வரோணும்." கோபமில்லாமல்தான் சொன்னார். அதனாலேயே அது நடக்கும் என்று தெரிந்தது.

கடிதத்தில் போன் நம்பர் இல்லை. கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்த விண்ணப்ப நகலில் கோயமுத்தூர் அலுவலகத்தின் நம்பர் இருந்தது. செவ்வாய் மாலைக்குள் செவ்வந்தி பதினாலு முறை சுழற்றினார். பதினாலு முறையும் எங்கேஜ்டு.

புதன்கிழமை காலை கடிதத்தின் பிரின்ட்டையும் விண்ணப்ப நகலையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எட்டேகால் பஸ் என்று அவர் சொல்கிறார். என் குறிப்பில் எட்டு இருபத்தைந்து என்று இருக்கிறது. வாசலில் நின்று நானே பார்த்தது என்பதால் எட்டு இருபத்தைந்து என்றே எழுதுகிறேன். அலுவலகத்தில் நடந்ததை அவர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

கவுன்டரில் ராமாமணி என்று ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்காமல், "யூசர் நேம் சொல்லுங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க மேடம்."

அந்த அம்மா நிமிர்ந்தார். "நான் சொல்றதா?"

"கணக்கு பாலுசாமிங்கற பேர்ல இருக்குதுங்க, கருமத்தம்பட்டி. என்னைக்கு ஆரம்பிச்சோம், ரசீது நம்பர் என்னன்னு நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா, மத்ததை நான் சொல்லறேனுங்க."

"ஏம்மா, ஆபீசுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு, நீ ஆபீசுதானான்னு என்னையக் கேக்கறியா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "அப்படியே ரேஷன் கார்டையும் காட்டிருங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். ஒருக்கா ஏமாந்துபோட்டேனுங்க" என்றார் செவ்வந்தி.

ராமாமணி அம்மாவும் சிரித்திருக்கலாம். சிரிக்காமல் எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்து, "ஜூன் இருபத்திரண்டு. ரசீது ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. சரியா?" என்றார். செவ்வந்தி பைக்குள் விண்ணப்ப நகலைப் பார்த்துவிட்டு, கடிதத்தை நீட்டினார்.

அந்த அம்மா முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார். "இது நாங்க போட்டதில்ல. இந்த வாரத்துல நீ மூணாவது ஆள். முன்னாடி வந்த ரெண்டு பேரும் பாஸ்வேர்டை அனுப்பிட்டுத்தான் வந்தாங்க. அவங்க கணக்குல இருந்த மணிநேரத்தை எவனோ ராத்திரி பகலா ஓட்டித் தீத்துட்டான்."

"அப்ப இதுல சொன்ன பாக்கிங்க?"

"நீங்க ஐநூறு மணிநேரம்னு முன்பணம் கட்டி வாங்கியிருக்கீங்க. முன்பணம் கட்டினவங்களுக்குப் பாக்கி எங்கிருந்தும்மா வரும்?"

இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மணிநேரத்தைத் தினமும் சிலேட்டில் எழுதியவருக்கும் தோன்றவில்லை, அதை நகலெடுத்த எனக்கும் தோன்றவில்லை. பில் என்றதும் நாங்கள் எல்லோரும் வெட்டிப்போடுவதைப் பற்றித்தான் நினைத்தோம்.

நிஜமான கடிதமென்றால் தபாலில், ரசீது நம்பர் போட்டு, முத்திரையோடு வரும் என்றும், பாஸ்வேர்டை அலுவலகம் ஒருநாளும் கேட்காது என்றும் ராமாமணி அம்மா சொன்னார். இப்போதிருக்கும் பாஸ்வேர்டு என்ன மாதிரியானது என்று விசாரித்து, சாமி பெயர் என்று தெரிந்ததும், "அதை எடுத்துடும்மா, சாமி கோவிச்சுக்காது" என்றார். செவ்வந்தி கொஞ்சம் தயங்கினார். பிறகு அங்கேயே மாற்றினார்.

திரும்பி வந்தபோது மணி மூன்று நாற்பது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாலுசாமி, "அந்தம்மா சொல்றது செரி. நாளைக்குப் பத்து இருவதுக்கு மேல லைனு வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார். அனுப்பச் சொல்லி வற்புறுத்தவில்லை. சென்னியப்பன், "நாளைக்கு லைனு வரலீன்னா நான் இங்கயே உக்காந்துக்குவேன், எனக்குச் சோறு போட்டுப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே மூவரும் உட்கார்ந்திருந்தார்கள், என்னையும் சேர்த்து நால்வர். பத்து இருபது ஆனது. இன்னும் பத்து நிமிஷம் போகட்டும் என்றார் பாலுசாமி. பத்து முப்பத்தொன்றுக்குச் செவ்வந்தி லைன் போட்டார். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. திரையில் எழுத்து வந்தது. லைன் வெட்டப்படவில்லை.

ஒரு கடிதம் காத்திருந்தது. சென்னியப்பன் எழுந்து நின்றுவிட்டார். அது அதே பில்காரரின் இறுதி எச்சரிக்கை. இன்று மாலையோடு இணைப்பு துண்டிக்கப்படுமாம்.

"இவன் நம்ம பொருட்காட்சிக் கடைக்காரனவிட மோசம், ஒவ்வொரு நாளும் இன்னைக்குத்தான் கடைசிங்கறான்" என்று சென்னியப்பன் உட்கார்ந்தார். அவருடைய ஆர்டர் சனிக்கிழமை பதினொன்று ஐந்துக்கு வந்தது. நாலாயிரம் இல்லை, மூவாயிரம். மீதி நூலை என்ன செய்வது என்று ஏப்ரல் வரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மற்றவர்கள் போன பிறகு பாலுசாமி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கடுதாசி கெடக்குது. சாமி பேருக்குப் பதிலா என்ன வெச்சிருக்கறே?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அந்த மேடம் சொல்லியிருக்கறாங்க."

"கணக்கு என்ற பேர்ல இருக்குது, அம்மணி."

"ஆமாங்கய்யா." செவ்வந்தி மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இதுல எழுதி வெச்சிருக்கறேனுங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிரிச்சுக்கோங்க. அதுவரைக்கும் பிரிக்க வேண்டாமுங்க."

பாலுசாமி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப எனக்கே நம்பர் சொல்ல மாட்டீங்கறே" என்றார். பிறகு பூத்துச் சுவரில் இருந்த குலதெய்வப் படத்துக்குப் பின்னால் அதைச் செருகினார். அந்தக் கேலியை அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை எழுதுவது 1999 டிசம்பர் 4, சனிக்கிழமை. செவ்வந்தி அதே நாற்காலியில்தான் இருக்கிறார். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. போன வாரம் செவ்வந்தி இல்லாத நேரம் பார்த்துச் சென்னியப்பன் அதை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. செவ்வந்தி உள்ளே அட்டை வைத்துத்தான் ஒட்டியிருந்தார்.